ஊர் வரவழைத்த டீச்சர்

அனலினைக் கனடாவிலுள்ள ஹார்ட்வெல்லுக்கு வரச் சொன்னது ஹார்ட்வெல்தான். அவள் தானாக ஓடிவந்து கதவைத் தட்டவில்லை. அக்கா எடெல்விசா இதை யாரிடமும் அழுத்திச் சொல்வாள். நெடுஞ்சாலை மோட்டலில் அவள் அறை சுத்தம் செய்யும்போது, தங்கியிருப்பவர் மரியாதைக்கு "எப்படி இருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். மெத்தை விரிப்பின் மூலையை இழுத்துச் செருகிக்கொண்டே ஆரம்பித்துவிடுவாள்.

"என் தங்கச்சி டீச்சருங்க. காலேஜ் முடிச்சவ. இந்த ஊரு காப்பகத்துக்கு வேணும்னு பிலிப்பைன்ஸ்லேர்ந்து கேட்டு வரவழைச்சாங்க."

அதில் ஒரு சொல்கூட மிகையில்லை. ஹார்ட்வெல்லில் குழந்தைகள் காப்பகம் ஒன்றே ஒன்று, பழைய சர்ச்சின் தரைக்குக் கீழுள்ள தளத்தில். வேலைக்கு ஆள் கிடைக்காமல் அங்கே ஒவ்வோர் அறையாகப் பூட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்று வயதுக்குள்ளான கைக்குழந்தைகளின் அறையைப் பூட்டியபோது ஊர் ஆடிப்போனது. பிள்ளையை விட இடமில்லாமல் நர்ஸுகள் வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவின் வாசலில் 'இன்று மூடியிருக்கும்' என்ற அட்டை தொங்கியது. காப்பகத்தை நடத்துவது பெற்றோர் குழு. அதன் தலைவி கர்ஸ்டன் ஹால்வர்சனே ஒரு நர்ஸ்தான், அப்போது நிறைமாதம். அவள் முன்னால் நின்று, நிதி திரட்டச் சமூகக் கூடத்தில் வான்கோழி விருந்து வைத்தாள். ஊரே வந்து சாப்பிட்டது, வெளிநாட்டிலிருந்து டீச்சர்களை அழைத்துவர ஊரே கைகொடுத்தது.

அந்தச் சமயத்தில்தான் காப்பகத்தின் நிர்வாகி மார்லா ஒருநாள் மோட்டலின் பின்கதவுக்கு வந்தாள். காப்பகத்துப் பிள்ளைகளின் படுக்கை விரிப்புகளை மோட்டல் முதலாளி இலவசமாகத் துவைத்துக் கொடுப்பது வழக்கம். வியாழன்தோறும் எடெல் அவற்றை மடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

"எடெல், உங்க ஊர்ல டீச்சருங்க நிறைய பேர் இருக்காங்களாமே?" என்று கேட்டாள் மார்லா.

எடெல் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தாள். "நிறைய பேர் எதுக்கு? என் தங்கச்சி இருக்கா."

எடெல் நால்வரில் மூத்தவள். இலோயிலோ துறைமுகத்துக்கு அருகில் அம்மாவின் மீன்கடை. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் எடெலின் படிப்பு உயர்நிலைப் பள்ளியின் பாதியில் நின்றது. அதைப் பற்றி அவள் புலம்புவதில்லை. ஆனால் தங்கை அனலின் படிப்பில் சூட்டிகை என்று தெரிந்ததும், அவளுடைய பள்ளிப் பாவாடையின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவி இஸ்திரி போட்டு அனுப்பியது எடெல்தான். அனலின் பட்டம் வாங்கி, அரசுத் தேர்வும் எழுதித் தேறி, அரசுப் பள்ளியில் மழலையர் வகுப்பு டீச்சரானாள். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். அந்த நாற்பது பேரும் வாய்பொத்தி உட்காருவது அவள் அதட்டலுக்காக அல்ல, அடுத்து என்ன கதை சொல்லப்போகிறாள் என்பதற்காக. அவளைக் கட்டியவன் கப்பல் வேலைக்குப் போய், வேறொரு துறைமுகத்தில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மிஞ்சியது மகள் பியா.

பியாவுக்காகத்தான் அனலின் விமானம் ஏறினாள். ஏற்பாடு இதுதான்: காப்பகத்தில் டீச்சராக இரண்டு வருடம் வேலை பார்க்க வேண்டும். பிறகு காப்பகம் மாகாண அரசிடம் 'இவள் எங்களுக்கு வேண்டும்' என்று எழுத்தில் சொன்னால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைக்கும். அது கிடைத்தால் பியாவைக் கூட்டிக்கொள்ளலாம். அதுவரை ஐந்து வயதுப் பிள்ளை கடைசித் தங்கை மரிவிக்கிடம் வளரட்டும்.

வந்த அன்று சர்ச் வாசலில் வண்ணத்தாளில் எழுதி வரவேற்பு கட்டியிருந்தார்கள். கர்ஸ்டன் அனலினைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டாள். "நீங்க வந்ததுல எங்க ஊருக்கு உசிரு வந்துச்சு" என்றாள். எடெல் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் படம் எடுத்து இலோயிலோவுக்கு அனுப்பினாள்.

முதல் நாளே ஒரு சின்ன உறுத்தல். "நான் டீச்சர் அனலின்" என்று அவள் பிள்ளைகளிடம் சொல்ல, மார்லா சிரித்துக்கொண்டே, "வெறும் அனலின் போதும். இங்க யாரும் டீச்சர்னு கூப்பிடறதில்ல" என்றாள். ஊரில் வாங்கிய பட்டத்தை இங்கே அளந்து பார்த்ததில் அது ஏணியின் கடைசிப்படியில்தான் நின்றது. இரண்டாவது படிக்கு ஏற, போன மாதம் வரை அவளே பாடம் எடுத்த விஷயங்களை அவள் மறுபடி படிக்க வேண்டியிருந்தது. எடெலுக்குப் பொறுக்கவில்லை.

"பதினொரு வருஷம் வகுப்பு எடுத்தவளுக்கு, பிள்ளைக்கு எப்படிக் கதை சொல்றதுன்னு பாடமா?"

"படிச்சா படிச்சுட்டுப் போறேன், விடுக்கா. ரெண்டு வருஷந்தானே."

பிள்ளைகள் அவளோடு ஒட்டிக்கொண்டார்கள். பனிக்காலத்தில் வெளியே விளையாடப் போவதற்கு முன் பனி உடுப்பு மாட்டுவது ஒரு யுத்தம். ஒருத்தனுக்கு மாட்டி முடிப்பதற்குள் இன்னொருத்தன் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவான். அனலின் அதை ரயில் விளையாட்டாக்கினாள். ஒவ்வொரு பெட்டியும் தன் பொத்தானைப் போட்டால்தான் ரயில் கிளம்பும். கொஞ்ச நாளில் இன்னொரு வேடிக்கை. பிள்ளைகள் 'ஆமாம்' என்று வாயால் சொல்வதை விட்டுவிட்டுப் புருவத்தை மட்டும் உயர்த்த ஆரம்பித்தார்கள். எங்கள் இலோயிலோ பக்கம் எல்லாரும் செய்வதுதான். அம்மாக்கள் குழம்பிப்போய் மார்லாவிடம் வந்தார்கள். "பால் வேணுமான்னு கேட்டா என்னையே முறைச்சுப் பாக்குறான்" என்றாள் ஒருத்தி. அன்று காப்பகமே சிரித்தது.

வருடத்துக்கு ஒருமுறை பண்பாட்டு நாள் உண்டு. அன்று அனலின் மூங்கில் கழிகளுக்கு நடுவே தாண்டி ஆடிக் காட்டினாள். எடெல் முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த லும்பியா ஒரு துண்டு மிச்சமில்லை. "உங்க பண்பாடு எவ்வளவு அழகு!" என்று கர்ஸ்டன் கைதட்டினாள். அவளுடைய ஆக்ஸல் அப்போது அனலின் இடுப்பில் இருந்தான். கைக்குழந்தைகள் அறையில் அனலினின் முதல் பிள்ளை அவன்.

இரண்டாம் வருடம் முடிய நான்கு மாதம்தான் பாக்கி. பியாவுக்கு ஏழு வயதாகிவிட்டது. முன்பல் விழுந்த வாயை அவள் போனில் காட்டினாள். எடெல் தன் வீட்டின் சின்ன அறையைக் காலி செய்து, சுவருக்கு வெளிர் மஞ்சள் வண்ணம் அடித்தாள். ஜன்னல் விளிம்பில் வண்ணம் ஒழுகாமலிருக்க ஒட்டுநாடா ஒட்டி, இரண்டு தடவை பூசினாள். அப்போதுதான் அது நடந்தது.

அன்று சாயங்காலம் அனலின் ஆக்ஸலுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள். சட்டை மேலே ஏறியிருந்தது, வயிறு பந்துபோல இருந்தது. பிள்ளை காலை உதைத்துச் சிரித்தான். "என் தங்கமே, என்னா தொப்பைடா இது!" என்று அவள் வாய்விட்டுக் கொஞ்சினாள். எங்கள் பக்கம் ஒரு பிள்ளையை வாய்விட்டுப் புகழ்ந்தால், கண் பட்டுவிடாமலிருக்கப் புகழ்ந்தவரே நாக்கில் விரலைத் தொட்டுப் பிள்ளையின் வயிற்றிலோ நெற்றியிலோ வைத்துவிட வேண்டும். வைக்காமல் போகிறவரைத்தான் பெரியவர்கள் கூப்பிட்டு வைக்கச் சொல்வார்கள். அனலின் யோசித்துச் செய்யவில்லை. தும்மல் வந்தால் வாயைப் பொத்துகிற மாதிரி கை தானாகப் போனது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஆக்ஸலின் தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பிள்ளையைக் கூட்டிப்போக வந்த கர்ஸ்டன் கதவருகே நின்றிருந்தாள்.

"என்ன பண்ணீங்க இப்ப?"

"கண்ணு படக்கூடாதுல்ல?" என்றாள் அனலின் சிரித்துக்கொண்டே. "எங்க ஊர்ல அப்படித்தான். இல்லன்னா பிள்ளைக்கு வயிறு வலிக்கும்."

"ஓ, அப்படியா?" என்றாள் கர்ஸ்டன். அவளும் சிரித்தாள். "கேக்கவே நல்லா இருக்கே."

அந்த வாரம் முழுக்க காப்பகத்தில் கையிலும் வாயிலும் கொப்புளம் வருகிற காய்ச்சல் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் ஆக்ஸலுக்கும் வந்தது. பிள்ளை எதையும் விழுங்க முடியாமல் இரண்டு இரவு கத்தினான். தூக்கமில்லாத அந்தத் தாய்க்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

மார்லா அனலினைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "புகார் வந்திருக்கு. எச்சில் தொட்டு வெச்சது சுகாதார விதிக்கு எதிரானது. எனக்கு உங்க மேல ஒண்ணுமில்ல அனலின், உங்கள எல்லாருக்கும் அவ்வளவு பிடிக்கும். ஆனா குழு கூடித்தான் முடிவு பண்ணும். அதுவரைக்கும் இதப் பத்தி யார்கிட்டயும் பேச வேணாம்."

அனலின் எடெலிடம் மட்டும் சொன்னாள். எடெல் கேட்டுவிட்டுச் சட்டென்று எழுந்தாள்.

"நாம நேரா போய் மன்னிப்புக் கேட்டுருவோம்."

"பேச வேணாம்னு சொல்லியிருக்காங்கக்கா."

"பேச வேணாம்னுதானே சொன்னாங்க? மன்னிப்புக் கேக்க வேணாம்னா சொன்னாங்க?"

"இங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்கன்னு நெனைக்கிறேன்."

"பிள்ளை உடம்பு சரியில்லாம இருந்திருக்கு. நாம எட்டிக்கூடப் பாக்கல. அதுதான்டி தப்பு. நீ சின்னவ, நீ பேசாத. மூத்தவ நான் வர்றேன், நான் பேசிக்கிறேன்."

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு மனவருத்தம் வந்துவிட்டால், தப்பு செய்தவர் தன் மூத்தவரைக் கூட்டிக்கொண்டு, கையில் சாப்பாட்டோடு அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். சாப்பாட்டை வாங்கிக்கொண்டால் வருத்தம் தீர்ந்தது என்று அர்த்தம். தீராதவர் தட்டைத் தொடமாட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் எடெல் காய்கறியும் கோழியும் போட்டுப் பெரிய தட்டு நிறைய பன்சித் நூடுல்ஸ் கிளறினாள். முட்டையை வட்ட வட்டமாக நறுக்கி மேலே சுற்றிலும் அடுக்கினாள். நடுவில் ஒரு முட்டை வட்டம் உடைந்திருந்தது. அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாள்.

கர்ஸ்டன் கதவைத் திறந்தபோது ஆக்ஸல் அவள் இடுப்பில் இருந்தான். வாயைச் சுற்றிக் கொப்புளம் ஆறியிருந்தது. அனலினைப் பார்த்ததும் தாவினான். அந்தத் தாவலில் வாயிலிருந்த ரப்பர் சூப்பான் பூட்ஸுகள் கிடந்த மிதியடியில் விழுந்தது. கர்ஸ்டன் குனிந்து எடுத்து, தன் வாயில் போட்டு ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, மறுபடி பிள்ளை வாயில் வைத்தாள்.

"என் தங்கச்சி கெட்ட எண்ணத்துல செய்யலைங்க" என்றாள் எடெல். "பிள்ளை மேல உள்ள ஆசையில செஞ்சுட்டா. நான் மூத்தவ, அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"அட, இதெல்லாம் எதுக்கு... ரொம்ப நன்றி" என்றாள் கர்ஸ்டன். இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள். "பாக்கவே அருமையா இருக்கு. நீங்க கவலைப்படாதீங்க." முகம் முழுக்கச் சிரிப்பு. உள்ளே வாருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

காரில் ஏறியதும் எடெல் தொடையில் தட்டினாள். "வாங்கிக்கிட்டா பாத்தியா? முடிஞ்சுது. இன்னொண்ணு பாத்தியா? சூப்பானைத் தரையிலேர்ந்து எடுத்து, அவ எச்சில்லயே கழுவிக் குடுக்குறா. அதுக்கு எந்தக் குழு கூடும்?"

"அவ வாய், அவ பிள்ளை, அக்கா" என்றாள் அனலின், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "எனக்கென்னமோ அந்தச் சிரிப்பு பிடிக்கல."

"உனக்கு எதுதான் பிடிச்சுது?"

செவ்வாய்க்கிழமை, பனிக்கட்டித் தரையில் கல் வழுக்கி ஆடும் கர்லிங் அரங்கத்தின் மாடியறையில் குழு கூடியது. மறுநாள் மார்லா மறுபடி கதவைச் சாத்தினாள். இந்தத் தடவை எச்சிலைப் பற்றி அதிகம் பேசவில்லை.

"எச்சில் விஷயம் ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிருக்கும் அனலின். ஆனா புகார் குடுத்தவங்க வீட்டு வாசல்லயே போய் நின்னிருக்கீங்க, ஆள் சேத்துக்கிட்டு. கர்ஸ்டன் பயந்துபோயிட்டாங்க. அவங்கள நெருக்குன மாதிரி ஆயிடுச்சு."

"சாப்பாடு குடுக்கப் போனோம்."

"தெரியும். உங்க மனசு எனக்குத் தெரியும். அது வேற." மார்லாவின் கண் கலங்கியிருந்தது. "வேலைய விட்டு எடுக்கல. சமையலறைக்கு மாத்தியிருக்காங்க. நானும் எவ்வளவோ பேசிப் பாத்தேன்."

வேலை போகவில்லை, போனது டீச்சர் என்ற பெயர். மாகாணத்துக்கு வேண்டியது குழந்தைகள் டீச்சர். சூப் வைக்கிறவருக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. காப்பகம் இனி எதையும் எழுதிக் கொடுக்காது. அனலினின் வேலை அனுமதி கோடையில் முடிகிறது. பியாவின் மஞ்சள் அறையில் வண்ண வாசனை இன்னும் போகவில்லை.

அன்று எடெல் மோட்டலில் ஒரே கட்டிலை மூன்று தடவை விரித்தாள். மூலை சரியாக வரவில்லை. அந்த அம்மாள் சாப்பாட்டை வாங்கினாளே, வாங்கினாளே என்று உதடு தானாக முணுமுணுத்தது. வாங்கிவிட்டு எப்படி இதைச் செய்ய முடியும்? அந்த நூடுல்ஸை அவர்கள் தின்றார்களா, கொட்டினார்களா என்று தெரிந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

சமையலறைக்குப் போனபிறகு நடந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கசப்பு. காப்பகத்தில் ஒரு சட்டம் உண்டு: மூன்று கைக்குழந்தைகளுக்கு ஒரு பெரியவர். ஆள் ஒன்று குறைந்தாலும் அறையைத் திறக்கக்கூடாது. ஆனால் ஆள் குறையாத நாளே கிடையாது. காலை பத்து மணி வாக்கில் மார்லாவின் தலை, கைக்குழந்தைகள் அறைப்பக்கம் திறக்கும் சமையலறை ஜன்னலில் தெரியும். "அனலின், ஒரு மணி நேரம், இங்க வந்து நில்லுங்களேன்." அனலின் அடுப்பை அணைத்துவிட்டு, ஏப்ரனோடு போய் நிற்பாள். அந்த ஒரு மணி நேரம் மத்தியானத் தூக்கம்வரை நீளும். ஆக்ஸல் அவள் தோளில்தான் தூங்குவான். கதவு வழியாகப் பார்க்கிற கர்ஸ்டன் அப்போது எதுவும் சொன்னதில்லை. ஆள்கணக்குக்கு அனலின் டீச்சர், எழுத்தில் மட்டும் சமையற்காரி.

"நீ ஏன்டி போறே?" என்றாள் எடெல்.

"போகலன்னா அறையப் பூட்டுவாங்க. நல்லா நடந்துகிட்டா ஒருவேளை மனசு மாறி எழுதிக் குடுப்பாங்க."

எடெலும் அப்படித்தான் நம்பினாள். ஒழுங்காக, அடக்கமாக, முகம் சுளிக்காமல் இருந்தால் யாருக்கும் மனசு இளகும். அவளே அப்படி இருந்துதான் மோட்டலில் இத்தனை வருடம் ஓட்டினாள்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை. வெளியே பனிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. எடெல் மடித்த விரிப்புகளோடு பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் வந்தாள். அனலின் பலகையில் காரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் மார்லா எட்டிப் பார்த்தாள். மூச்சு வாங்கியது.

"அனலின், சீக்கிரம். ரெண்டு பேர் வரல, ரோட்டுல மாட்டிக்கிட்டாங்க. கைக்குழந்தைங்க ரூமுக்கு ஆள் பத்தல. ஒரு மணி நேரம்."

அனலின் கத்தியை நிறுத்தவில்லை. "நான் சமையல் ஆளு, மார்லா."

"தெரியும்ப்பா. ஒரு மணி நேரந்தானே?"

"நேத்தும் ஒரு மணி நேரம்தான். முந்தாநாளும் ஒரு மணி நேரம்தான். அதெல்லாம் சேத்தா நான் டீச்சரா, சமையற்காரியா? அத மட்டும் சொல்லுங்க, இப்பவே வர்றேன்."

"இத இப்ப பேச நேரமில்ல."

"அப்ப நேரம் இருக்கும்போது கூப்பிடுங்க."

எடெல் உதட்டைக் குவித்து அறைப்பக்கம் காட்டினாள், போ என்று. அனலின் பார்க்கவில்லை. எடெல் எங்கள் பாஷையில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "போடி. போய் நில்லு. எல்லாத்தையும் கெடுத்துராத."

"இனி கெடுக்க என்னக்கா மிச்சமிருக்கு?"

அறையில் ஆக்ஸல் அவள் குரலைக் கேட்டுவிட்டான். ஓடி வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தான். அனலின் முதுகைத் திருப்பிக்கொண்டு நறுக்கினாள். காரட் துண்டுகள் சிறிசாகிக்கொண்டே வந்து, கடைசியில் சூப்புக்கு உதவாத அளவுக்குப் பொடியாகிவிட்டன. எடெல் விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தான் இஸ்திரி போட்டு வளர்த்த பெண்ணா இவள் என்று திகைப்பாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. எங்கோ ஒரு மூலையில், அவளே ஒப்புக்கொள்ளாத ஒரு பெருமையும் இருந்தது.

மார்லா போன் எடுத்தாள். பனிக்காற்றில் ஒவ்வொரு காராக வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போயின. கர்ஸ்டன் ஆஸ்பத்திரி உடையோடு, பாதி வேலையை விட்டுவிட்டு வந்தாள். சமையலறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அனலினுக்கு வேலை போனது. குழந்தைகளின் பாதுகாப்பைப் பணயம் வைத்தாளாம். "இவ்வளவு செஞ்ச ஊருக்கு இதுவா?" என்று காபிக்கடையில் பேசிக்கொண்டார்கள். மோட்டலில் மார்லாவின் அண்ணன் மனைவி ஒருநாள் எடெலிடமே சொன்னாள், "அவங்களுக்கு நாங்க எவ்வளவு பெரிய விருந்து வெச்சோம்!"

எடெல் சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். வடக்கே, கார் ஓட்டி அரைநாள் போகிற தூரத்தில் ஒரு காப்பகம் அனலினை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அங்கேயும் ஆளில்லை. ஆனால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மறுபடி இரண்டு வருடம். எடெல் துள்ளிக்கொண்டு வந்து சொன்னாள். அனலின் மஞ்சள் அறையில் தரையில் உட்கார்ந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் ஊருக்குப் போறேன்க்கா."

"பைத்தியமா உனக்கு? வேலை கிடைச்சிருக்குடி!"

"அடுத்த ரெண்டு வருஷத்துல பியாவுக்கு ஒம்பது வயசு. நேத்து போன்ல அவ என்ன கேட்டா தெரியுமா? 'நீ வரும்போது நான் மரிவிக் அம்மாவ விட்டுட்டு வரணுமா?'ன்னு கேட்டா. அடுத்த ரெண்டு வருஷத்துல அதையும் கேக்க மாட்டா."

"அவளுக்காகத்தானே இவ்வளவும்?"

"ஆமா, அவகூட இருக்கணும்னுதான். அவ இங்க வரலன்னா நான் அங்க போறேன். அவ்வளவுதான்."

எடெலின் குரல் உயர்ந்தது. "ஊர்ல எல்லாரும் என்ன சொல்வாங்க? கனடா போன டீச்சர் திரும்பி வந்துட்டான்னு சிரிக்க மாட்டாங்களா? இங்க நான் எத்தன பேர்கிட்ட சொல்லியிருக்கேன்? நான் எப்படித் தலை நிமிந்து நடப்பேன்?"

அனலின் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நீ நடக்கறதுக்காகத்தான் நான் இங்க இருக்கணுமா? உனக்கு ஒரு டீச்சர் தங்கச்சி வேணும். எனக்கு எம்பொண்ணு வேணும்."

அனலின் கிளம்பிய நாளில் விமான நிலையத்துக்கு எடெல்தான் மூன்று மணி நேரம் கார் ஓட்டினாள். எடெல் பெட்டியை இறக்கி, அதன் கைப்பிடியில் அடையாளத்துக்குச் சிவப்பு நாடாவை இரட்டை முடிச்சாகக் கட்டினாள். உள்ளே போகும்முன் அனலின் அக்காவைக் கட்டிக்கொண்டாள். எடெல் கையைத் தொங்கவிட்டபடியே நின்றாள். கட்டிக்கொள்ளத் தோன்றியபோது தங்கை கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் இருந்தாள்.

ஜூனில் இலோயிலோவில் பள்ளி திறந்தது. அனலினுக்குப் பழைய பள்ளியிலேயே மழலையர் வகுப்பு கிடைத்தது. இந்த முறை நாற்பத்திரண்டு பிள்ளைகள், மின்விசிறி ஒன்று. பியா அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. முதல் மாதம் அவள் மரிவிக் வீட்டில்தான் படுப்பேன் என்று அழுதாள் என்றும், இப்போது வாரத்தில் பாதி நாள் தன்னிடம் படுக்கிறாள் என்றும் அனலின் போனில் சொன்னாள். "சரியாயிடும்க்கா" என்றாள். சரியாகும் என்று எடெலும் சொன்னாள். யார் யாரைச் சமாதானப்படுத்தினார்கள் என்று தெரியவில்லை.

ஆகஸ்டில் எடெல் பலசரக்குக் கடையில் அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கர்ஸ்டன் எதிரே வந்தாள். வண்டியில் ஆக்ஸல் உட்கார்ந்திருந்தான், நன்றாக வளர்ந்திருந்தான். கர்ஸ்டன் நெருங்கி வந்து எடெலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அனலின் எப்படி இருக்காங்க? இவன் ரொம்ப நாள் அவங்களையே தேடுனான். பிள்ளைங்ககிட்ட அவங்க மாதிரி யாரும் வராது, எடெல். நிஜமாத்தான் சொல்றேன்."

"நல்லா இருக்கா. டீச்சரா இருக்கா."

"கேக்க எவ்வளவு சந்தோஷம்!" என்றாள் கர்ஸ்டன். முகம் முழுக்க அதே சிரிப்பு. அதில் பொய்யில்லை, அதுதான் கொடுமை. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மறுபடி கைக்குழந்தைங்க ரூமப் பூட்டிட்டோம். ரெண்டு பேர் வர்றதா இருந்துச்சு, கடைசி நேரத்துல பெரிய ஊருக்குப் போயிட்டாங்க. ஆஸ்பத்திரியில என்னை அடுத்த மாசத்துலேர்ந்து வேலைக்கு வரச் சொல்றாங்க, என்ன பண்றதுன்னே தெரியல. உங்களுக்கு இன்னொரு தங்கச்சி இருக்காங்கன்னு அனலின் சொல்லியிருக்காங்களே?"

"இருக்கா. மரிவிக்."

"அவங்க என்ன பண்றாங்க?"

"பிள்ளை வளக்குறா."

"அட, அப்ப ரொம்ப வசதியாப் போச்சே! அனுபவம் வேற இருக்கு. வருவாங்களா, கேட்டுப் பாக்குறீங்களா?"

எடெல் தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். மூட்டை சரிந்திருந்தது. அதை நேராக நிமிர்த்தி, வாய்க்கட்டு மேலே வரும்படி வைத்தாள்.

"அவ வளக்குறது அனலினோட பிள்ளையைங்க" என்றாள். "அந்தப் பிள்ளை இன்னும் பாதி நாள் அவளைத்தான் அம்மான்னு கூப்பிடுது."

எடெல் பதிலுக்கு நிற்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். வாங்க வேண்டியது இன்னும் இருந்தது: முட்டை, வெங்காயம், மோட்டலுக்குச் சலவைத்தூள். ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தாள். முட்டைப் பெட்டியைத் திறந்து, ஒன்றாவது உடைந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.